மதுரையில் சாப்பிட்டுச் சுற்ற வழிகாட்டி எதுக்கு?

கேள்வி: நவம்பர் 17

டிசம்பர் கடைசியில் ஓசூரிலிருந்து மதுரைக்குப் போகிறோம். அம்மா, நான், இரண்டு பிள்ளைகள். ஊரைச் சுற்றிக் காட்டி, நடுநடுவே கடைகளில் நிறுத்தி ருசி பார்க்க வைக்கிற அரைநாள் சுற்றுலா ஒன்று கண்ணில் பட்டது. தலைக்கு 1,800 ரூபாய். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "தமிழ் பேசத் தெரிஞ்சவளுக்கு மதுரையில என்னத்துக்கு வழிகாட்டி?" எனக்கும் அப்படித்தான் படுகிறது. யாராவது போயிருக்கிறீர்களா?

பதில்: நவம்பர் 17, இரவு 11:20

அம்மா சொல்வதுதான் சரி. வீண்.

எங்கள் அம்மாச்சி வீடு வடக்குமாசி வீதியில் இருந்தது. ஒவ்வொரு முழுப்பரீட்சை லீவும் அங்கேதான். கோயிலை நடுவில் வைத்துச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள்: சித்திரை, ஆடி, ஆவணி மூலம், மாசி. கோபுரம் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்து நடந்தால் சின்னப் பிள்ளைகூடத் தொலையாது. இதற்குப் போய் 1,800? நாலு பேருக்கு 7,200. அந்தக் காசுக்குக் கறிதோசையாகச் சாப்பிட்டால் ஓசூர் போய்ச் சேர்ந்த பிறகும் பசிக்காது.

நவம்பர் 18, காலை 6:50

ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பித் திருத்தியிருக்கிறார். ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளே. வெளியே வந்தால்தான் சித்திரை, அப்புறம் ஆவணி மூலம், அப்புறம் மாசி, கடைசியில் வெளி வீதி. தொலையவே முடியாத ஊர் என்று எழுதிய கையால் வரிசையை மாற்றி எழுதியிருக்கிறேன்.

வெளி வீதி இருக்கும் இடத்தில்தான் பழைய கோட்டை மதில் இருந்தது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையைப் பார்த்த ஆட்கள்தான் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் பெயராக மிஞ்சியிருக்கிறார்கள். பிளாக்பர்னுக்கு ஒரு விளக்குத்தூண் கிடைத்தது. இன்றைக்கு விளக்குத்தூண் என்றால் யாருக்கும் பிளாக்பர்ன் ஞாபகம் வராது, அங்கே விற்கிற ஜிகர்தண்டா என்ற குளிர்பானம்தான் ஞாபகம் வரும்.

நவம்பர் 18, மதியம்

"சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுகிறது?" என்று அதே ஆள் மறுபடி கேட்கிறார். இது தெரியும். திருவிழா முன்பு மாசியில் நடந்தது. திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு மாற்றினார். மாதம் மாறிவிட்டது, தேர் தன் வீதியை மாற்றிக்கொள்ளவில்லை.

தெரியும் என்று எழுதினேனா. உண்மையில் இது எனக்குத் தெரிந்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். அம்மாச்சி வீட்டு வாசலில் தேர் பார்த்த காலத்தில் கேட்கவே தோன்றவில்லை. அம்மா சொன்னது சரி என்று எழுதியது கொஞ்சம் உறுத்துகிறது.

நவம்பர் 29

உறுத்தல் முற்றிவிட்டது. மாமனாரைக் கூட்டிக்கொண்டு டிசம்பர் 7 காலை அந்த மாதிரி ஒரு சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டேன். நீங்கள் பார்த்த அதே ஆட்களா என்று கேட்காதீர்கள், பெயர் சொல்லப்போவதில்லை. மாமனார் கும்பகோணத்துக்காரர், சுத்த சைவம், சர்க்கரை உண்டு. உணவுச் சுற்றுலாவுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

டிசம்பர் 8, இரவு 9:15

போய் வந்தாயிற்று. நீளமாக எழுதுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பத்திக்குப் போங்கள்.

காலை 9:30க்கு மகால் வாசல். எட்டுப் பேர். கூட்டிப்போன தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும், தெற்குமாசி வீதிப் பக்கம் பிறந்தவன், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவன். முதல் வேலையாக மாமனாரைப் பார்த்து, "ஐயா, வெயில் ஏறுறதுக்குள்ள நடந்துருவோம்" என்றான். அங்கேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.

திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டியது. நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது மொத்தத்தில் கால்வாசிதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது நிறைய இடித்துப் பெயர்த்துக்கொண்டு போனார். மிச்சத்தைக் காப்பாற்றியது 1866க்கு மேல் கவர்னர் நேப்பியர் செய்த மராமத்து. தூண்களின் பூச்சைத் தடவிக் காட்டி, "சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும்" என்றான் தம்பி. மாமனார் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "அத்தனை மஞ்சக்கருவையும் யார் சாப்பிட்டா?" தம்பி சிரித்துச் சமாளித்தான். நாலு வருஷமாகச் சுற்றிக் காட்டுகிறானாம், இதை யாரும் கேட்டதில்லையாம்.

அடுத்துத்தான் என் வாய் அடைத்தது. விளக்குத்தூணை நோக்கிப் போகிற வழியில் ஒரு துணிக்கடைச் சந்துக்குள் நுழைத்து, "மேல பாருங்கண்ணே" என்றான். பத்துத்தூண். அம்மாச்சியோடு பாவாடைத்துணி, தலையணை உறை, தீபாவளி ஜவுளி என்று அந்தச் சந்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். பத்துத்தூண் என்பது எனக்குக் கடைகள் இருக்கும் ஒரு இடத்தின் பெயர். பெயருக்குப் பின்னால் நிஜமாகப் பத்துத் தூண் நிற்கிறது, அதுவும் மகாலின் ஒரு துண்டு, இத்தனை தள்ளி. மகால் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பதைக் "கால்வாசி" என்ற வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சந்தில் நின்றபோதுதான் தெரிந்தது. ஊர்க்காரன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவனுக்கு விலைதான் கண்ணில் படும்.

அதற்கும் பின்னால் இன்னொரு சந்தில் அவன் அத்தை வீட்டு வாசல். அடுப்பில் எண்ணெய் காய்கிறது. முள்ளுமுருங்கை வடை. வடை என்று பெயர்தானே தவிர, பார்த்தால் பச்சைப் பூரி. கல்யாண முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரிப்பது. மேலே பொடி தூவிக் காகிதத்தில் தருகிறார்கள். சளிக்கு நல்லது என்று அந்த அத்தை சொல்ல, மாமனார் உடனே இரண்டு தடவை இருமிக் காட்டி இன்னொன்று வாங்கிக்கொண்டார். பட்டு நெய்ய வந்த சௌராஷ்டிரர்களின் வம்சம் மகாலைச் சுற்றியே குடியிருந்தது என்பதை அங்கே திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம். சுங்குடிச் சேலை முடிச்சுப் போடும் விதத்தை அத்தை விரலாலேயே காட்டினார். நான் கட்டிய காசு அந்தத் திண்ணையில் செரித்துவிட்டது.

இதற்கு மேல் எல்லாம் கோளாறு.

10:50க்கு ஜிகர்தண்டா. குளிர்ந்த பால், மேலே ஐஸ்கிரீம், வயிறு திம்மென்று ஆகிவிட்டது. 11:45க்குக் கோயில். செல்போனை உள்ளே விடமாட்டார்கள், 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு வந்த கட்டுப்பாடு. போனைப் பெட்டகத்தில் வைக்க ஒரு வரிசை, செருப்புக்கு ஒரு வரிசை. உள்ளே போகும்போது மணி 12:10. நடை 12:30க்குச் சாத்துவார்கள். இருபது நிமிஷத்தில் மீனாட்சி, சொக்கர், பொற்றாமரைக்குளம். ஓட்டப்பந்தயம். மாமனார் முக்குறுணிப் பிள்ளையார் முன்னால் நின்றுவிட்டார், இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

ஒரு மணிக்குச் சிம்மக்கல்லில் கறிதோசை. தோசைமேல் முட்டை, முட்டைமேல் பொடிக்கறி, திருப்பிப் போட்டு வேகவைத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். நல்ல பண்டம்தான். ஆனால் ஜிகர்தண்டா குடித்த வயிற்றில், உச்சி வெயிலில்? அது ராத்திரி ஒன்பது மணிப் பண்டம். கடைசியாக, பருத்திப்பால் என்று மூடி போட்ட பாட்டிலில் ஆறிப்போன ஒன்றைக் கையில் கொடுத்து வழியனுப்பினார்கள். தம்பிக்கே வெட்கமாக இருந்தது. "ஆபீஸ்ல போட்டுத் தர்ற வரிசைண்ணே, நான் என்ன செய்ய" என்றான்.

ஆக என் தீர்ப்பு: ஆளுக்குக் காசு கொடுக்கலாம். அட்டவணைக்குக் கொடுக்க வேண்டாம்.

டிசம்பர் 8, இரவு 9:40

மாமனாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். அவர் ஜிகர்தண்டாவைத் தொடவில்லை, "சர்க்கரை" என்றார். ரயில் நிலையத்துக்கு எதிரே இலையில் வைத்துத் தந்த சூடான அல்வாவை முழுசாகச் சாப்பிட்டார். கேட்டதற்கு, "அது நெய், மாப்பிள்ளை" என்றார்.

டிசம்பர் 9

பாதாம் பிசின் பற்றி ஒரு சண்டை. ஜிகர்தண்டாவில் போடுவது கடற்பாசியா பாதாம் பிசினா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். இரண்டும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் ஊறவைத்த பிசின். நான் குடித்ததில் நாக்குக்கு வழுக்கலாகத் துண்டு துண்டாக வந்தது கடற்பாசி. பால் சுண்டியிருக்க வேண்டும், நன்னாரி சர்பத் தூக்கலாக இருக்கக் கூடாது, இவ்வளவுதான் என் கட்சி. ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி. பெயரைக் கேட்டே மாமனார் சைவமா என்று விசாரித்தார், அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

டிசம்பர் 11, இரவு 1:05

தூக்கம் வரவில்லை. முக்குறுணிப் பிள்ளையார் விஷயம் மண்டைக்குள் ஓடுகிறது.

வண்டியூர் தெப்பக்குளம் 1645இல் வெட்டியது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம்தான் குளமாயிற்று என்பார்கள். அந்த மண்ணுக்குள் கிடைத்தவர்தான் இந்தப் பிள்ளையார். விநாயகர் சதுர்த்திக்கு அவருக்கு முக்குறுணி அரிசியில், அதாவது பதினெட்டுப் படியில், ஒரே கொழுக்கட்டை. பெயரே கொழுக்கட்டையின் அளவு! மகால், குளம், பிள்ளையார், கொழுக்கட்டை நான்கும் ஒரே கயிற்றில் கோத்துக் கிடக்கின்றன. உணவுச் சுற்றுலாவில் அவர் முன்னால் நின்ற ஒரே ஆள் என் மாமனார். அவரைத்தான் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

இப்படி யோசித்தால் திருவிளையாடல் முழுக்கச் சாப்பாடுதான். மீனாட்சி கல்யாணத்தில் சமைத்தது மிஞ்சிவிட்டது என்று பெருமை பேசப்போக, குண்டோதரன் ஒருத்தன் உட்கார்ந்து அத்தனையையும் காலி செய்தான். அப்படியும் அடங்காத பசிக்குச் சிவன் தந்த அன்னக்குழி, தாகத்துக்கு "வை கை" என்று சொல்லி வரவழைத்த ஆறு. மதுரைக்கு ஆறு வந்ததே பந்தியில் ஒருத்தன் அளவுமீறிச் சாப்பிட்டதால். கல்யானை கரும்பு தின்றதும் இந்த ஊர்க்கதைதான்.

எல்லாவற்றுக்கும் மேலே வந்தி. வைகை உடைத்துக்கொண்டது, வீட்டுக்கு ஒரு ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. ஆள் இல்லாத பிட்டு விற்கிற கிழவிக்குக் கூலியாளாக சொக்கன் வருகிறான். கூலி, உதிர்ந்த பிட்டு மட்டும். அன்றைக்குப் பார்த்து எல்லாப் பிட்டும் உதிர்ந்துபோகிறது. தின்றுவிட்டு வேலை செய்யாமல் தூங்கிப் பிரம்படி படுகிறான், அடி எல்லார் முதுகிலும் விழுகிறது. ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் இன்றும் இதைத் திருவிழாவாக நடத்துகிறார்கள். ஆவணி மூல வீதி என்ற பெயரை நூறு தடவை சொல்லியிருப்பேன், வாய்க்குள் பிட்டு இருப்பது தெரியாமல்.

கடவுளே பிட்டுக்கு அடி வாங்கிய ஊரில், எட்டுப் பண்டம் ருசி காட்டுகிற சுற்றுலாவில் பிட்டு இல்லை.

டிசம்பர் 11, காலை

ராத்திரி எழுதியது கொஞ்சம் அதிகம்தான். தம்பி வேலைக்காரன், பட்டியல் அவனுடையது இல்லை. வந்தி கதையைக் கோயில் தூணருகே சொல்லவும் செய்தான், நான்தான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் சொன்ன இடத்தில் வாயில் ஒரு பிடி பிட்டு இருந்திருந்தால் மணி பார்த்திருக்கமாட்டேன்.

டிசம்பர் 14

"தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, சங்க காலத்திலேயே அப்படியா?" கேள்வி நல்ல கேள்வி. மதுரைக்காஞ்சியில் பகல் கடைத்தெரு நாளங்காடி, இரவுக் கடைத்தெரு அல்லங்காடி இரண்டுமே வருகின்றன. ராத்திரி இரண்டாம் சாமத்தில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு கணக்கு வேறு. அதில் தேன்கூடு மாதிரி மெல்லிய அடையும், பூரணம் வைத்துக் கையால் பிடித்த மோதகமும் விற்கிற பண்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். எனக்கு இந்தக் காட்சிதான் அந்த 782 அடியிலும் பிடித்தது. தூங்கா நகரத்தின் தின்பண்டக்காரன் ரெண்டாயிரம் வருஷமாகக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குகிறான். போன வாரம் ராத்திரி மாசி வீதியில் ஒரு இட்லிக்கடையில் அதே ஆளைப் பார்த்தேன், எழுப்பித்தான் சட்னி வாங்கினேன்.

டிசம்பர் 16

கீழடி சேர்க்கலாமா என்று ஓசூர்க்காரர் கேட்டிருக்கிறார். கட்டாயம், ஆனால் தனி நாளாக. ஊரிலிருந்து 12 கிலோமீட்டர் சொச்சம். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். உறைகிணறு, பெயர் கீறிய பானை ஓடு, சுட்ட மண்ணில் ஆட்டக்காய் எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அரைநாளில் கோயில், மகால், கீழடி மூன்றும் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் காசைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு இன்னொன்று. மேலமாசி வீதியில் காந்தி சட்டையைக் கழற்றி அரைவேட்டிக்கு மாறிய வீடு இருக்கிறது, 1921 செப்டம்பர் 22. இப்போது கதர்க்கடை. சாப்பாடு ஒன்றும் இல்லை, அதனால் உணவுச் சுற்றுலாவில் வராது.

டிசம்பர் 19

சரி, நீங்களே ஒரு வரிசை சொல்லுங்கள் என்று நெருக்குகிறார்கள். இந்த ஊரின் பண்டங்களுக்கு மணி உண்டு, கோயிலுக்கும் மணி உண்டு. இரண்டையும் சேர்த்துவைத்தால் போதும்.

காலையில் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு நேரே கோயில், கிழக்குக் கோபுரம் வழியாக. அதுதான் ராஜகோபுரங்களில் பழையது, 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. அவசரமில்லாமல் பதினொன்றரை வரை. ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985தான், பிள்ளைகளை எண்ணச் சொல்லிவிட்டு நீங்கள் உட்காரலாம். மதியம் அயிரைமீன் குழம்போ மட்டன் சுக்காவோ, உங்கள் அம்மாவுக்கு இலைச் சாப்பாடோ. பிறகு தூக்கம். இதை எந்தச் சுற்றுலாவும் அட்டவணையில் போடாது, மதுரை வெயிலுக்கு இதுதான் முதல் தேவை. நாலு மணிக்கு மகால், பத்துத்தூண், வெயில் மிச்சமிருக்கும்போதே ஜிகர்தண்டா. பொழுது சாய்ந்ததும் தள்ளுவண்டியில் பருத்திப்பால், சுக்கு நெடி தூக்கலாக, கொதிக்கக் கொதிக்க. ஒன்பது மணிக்கு மறுபடி கோயில்: சொக்கரை வெள்ளிப் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோவதைப் பாருங்கள். தினமும் நடக்கிறது. சாமி படுக்கப் போன பிறகுதான் கறிதோசை.

வழிகாட்டி வேண்டுமென்றால் மகால் பக்கத்துக்கு மட்டும், ரெண்டு மணி நேரம், அந்தப் பக்கத்திலேயே பிறந்த ஆளாகப் பாருங்கள். "வீண்" என்று நவம்பர் 17இல் எழுதியதை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

கேள்வி கேட்டவர்: டிசம்பர் 30

போய் வந்தோம். பிள்ளைகள் 212 தூண் வரை எண்ணி, எண்ணினது எது எண்ணாதது எது என்று சண்டை போட்டுவிட்டார்கள். மகால் பக்கம் மட்டும் ஒரு அம்மா கூட்டிப்போனார். எங்கள் அம்மா அவரிடமே முள்ளுமுருங்கைக் கன்று எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, ஒரு போத்தை ஈரத்துணியில் சுற்றி ஓசூருக்குக் கொண்டுவந்துவிட்டார். பள்ளியறைப் பூஜை வரை சின்னவன் தாக்குப்பிடிக்கவில்லை, கறிதோசை என்றதும் எழுந்துவிட்டான். பருத்திப்பால் வண்டி நீங்கள் சொன்ன இடத்தில் இல்லை.

டிசம்பர் 30, இரவு 10:30

நான் எந்த இடமும் சொல்லவில்லையே. மேலே போய்ப் பார்த்தேன், "தள்ளுவண்டியில்" என்றுதான் இருக்கிறது.

டிசம்பர் 30, இரவு 10:52

தனிச்செய்தியில் சொல்லியிருக்கிறேன். தெற்குமாசி வீதி முக்கு என்று. அது அம்மாச்சி காலத்து முக்கு. மாமனாரிடம் கேட்டேன், அன்றைக்கு அவர் மேலமாசி வீதியில் ஒரு வண்டியைப் பார்த்தாராம், என்னிடம் சொல்லவில்லையாம், ஏனென்றால் நான் உடனே சர்க்கரை என்று ஆரம்பித்துவிடுவேனாம்.